ஜெபம் முடியுமுன் இறங்கும் கை

காலை எட்டரை மணிக்கு யோசுவா தன் சொந்த வண்டிக்குள்ளேயே அடைபட்டுப் போனார். பதினொரு மணிக்கு மகள் லிஜாவின் கல்யாணத்தைப் பேசி நிச்சயம் செய்து உறப்பிக்க அதியன்னூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன காரியம் அது. முதல் முறை மாப்பிள்ளை ஷிஜுவுக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை. இரண்டாம் முறை அவனுடைய பெரியம்மா இறந்துபோனாள். நாளைக்கு அவனுக்கு ஃப்ளைட். இன்றைக்கு உறப்பிக்கவில்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஒரு வருஷத்தில் என்னவெல்லாமோ மாறிப்போகும் என்று யோசுவாவுக்குப் பயம். லிஜாவுக்கு அதைவிடப் பயம். அவள் அமரவிளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எட்டு மாதமாக அந்தப் பையனோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தெரியாததுபோல் இருந்தார்கள்.

வண்டி என்றால் கார் இல்லை. குட்டி லோடர். முன்னால் மண் அள்ளும் பக்கெட், டிரைவருக்கு இரண்டு பக்கமும் நீண்டு போகிற இரும்புக் கை, நடுவில் ஒரே ஒரு ஆள் உட்காரும் கூண்டு. கொல்லயில் என்கிற அந்த ஊரின் குறுகலான முடுக்குகளில் பெரிய வண்டி நுழையாது, இது நுழையும். மூடிப்போன ஒரு செங்கல் சூளையிலிருந்து யோசுவா இதை வாங்கும்போதே அதற்குப் பதினைந்து வயது. ஒரு நாள் சீட்டில் சாரைப்பாம்பு சுருண்டு கிடந்ததைப் பார்க்காமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே கூண்டு வாசலுக்கு இரும்புக் கம்பிகள் வைத்த அழிக்கதவு செய்து தன் கையாலேயே வெல்டு வைத்தார். மழைச்சாரல் அடிக்கிறதென்று பின்பக்க ஜன்னலையும் தகடு வைத்து அடைத்தார். இரண்டுமே நல்ல உறுதியான வேலை.

வீட்டுக்குப் போகிற முடுக்கில் குழாய் போடத் தோண்டியவர்கள் விட்டுப்போன செம்மண் குவியல் ஒன்று கிடந்தது. அதை மாற்றினால்தான் மாப்பிள்ளை வீட்டுக் காரெல்லாம் முற்றம்வரை வரும்.

"ரெண்டு பேர விளிச்சு மம்மட்டியால மண்ணக் கோரிச் சாடச் சொல்லுங்க. இண்ணைக்குப் போயி அந்தச் சவத்த எடுக்காதீங்க" என்று அவர் மனைவி சுகிர்தபாய் சொல்லத்தான் செய்தாள்.

"எனக்க வண்டி எனக்க முடுக்குல நிக்கும்போ நான் எதுக்குட்டீ கூலிக்கு ஆள விளிக்கணும்?"

"அந்த வால்வு ஒழுகுதுல்லா?"

"ரெண்டு வருஷமா ஒழுகுது. ஆரையாவது கொன்னுதா?"

வால்வுதான் வண்டியின் கையைத் தூக்கி நிறுத்துகிற சாமான். அதிலிருந்து கம்பி வெளியே வருகிற இடத்தில் எண்ணெய் கசியும். யோசுவா சைக்கிள் டியூபைக் கீறி அதைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். பக்கத்து வீட்டுத் தாணுலிங்கம், வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர், "மண்ண வேற எங்கயும் கொண்டு போவாண்டாம், மதிலுக்கு இப்புறம் எனக்க வாழைக்குழியில தட்டும் ஓய்" என்று சொன்னதால் வேலை சுலபமாகத்தான் இருந்தது. எட்டு பக்கெட் மண் மதிலைத் தாண்டிப் போனது. ஒன்பதாவதைத் தட்டி முடித்ததும் சைக்கிள் டியூப் படக்கென்று தெறித்தது. தூக்கி நின்ற கை பெருமூச்சு விட்டதுபோல மெல்லக் கீழே வந்து, பக்கெட்டைத் தாணுலிங்கத்தின் மதில்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

கை பாதி உயரத்தில் நின்றால் அதன் குறுக்குச் சட்டம் அழிக்கதவுக்கு நேர் முன்னால் வரும். கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. நாலு விரல் அகலம் திறந்து சட்டத்தில் முட்டி நின்றது. யோசுவா அந்த நாலு விரல் இடைவெளி வழியாக மனைவியைப் பார்த்தார். வண்டியைப் பின்னால் எடுத்தால் மதில் கூடவே வரும்.

"ஒண்ணும் சொல்லாத" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லேல்ல" என்றாள் சுகிர்தபாய். பிறகு முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வால்வு மெக்கானிக் ரமணன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே கால். அவன் வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்து, யோசுவாவை அழி வழியாகப் பார்த்து, சிரிப்பை விழுங்கினான்.

"கட்டர் வச்சு அழிய முறிச்சுரு மக்கா" என்றார் யோசுவா.

"சேட்டா, அடியில முழுக்க எண்ண கெடக்கு. தீப்பொறி விழுந்தா கல்யாணம் இல்ல, அடக்கம் ஆக்கும் நடக்கும்."

ரமணன் கண்ட வழி சாதாரணமானது. யோசுவா எஞ்சினை ஓட்டி, லிவரை இழுத்துப் பிடித்துக் கையை மேலே தூக்க வேண்டும். லிவரைப் பிடித்திருக்கிற வரைக்கும் கை மேலேயே நிற்கும். ஆனால் பிடித்திருக்கிற நேரமெல்லாம் வால்விலிருந்து எண்ணெய் பீறிட்டுக்கொண்டே இருக்கும். டேங்கில் இருக்கிறது எட்டு ஒன்பது நிமிஷத்துக்குக் காணும். அதற்குள் ஒரு தென்னந்தடியைக் கைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டால் யோசுவா இறங்கலாம், வால்வையும் கழற்றலாம். தடி நிறுத்த இரண்டு பேருக்கு இரண்டு நிமிஷம் போதும்.

தாணுலிங்கத்தின் தோட்டத்தில் வெட்டிப் போட்ட தடி இருந்தது. தாணுலிங்கமும் ரமணனும் அதை உருட்டிக்கொண்டு வந்தார்கள். யோசுவா லிவரை இழுத்தார். கை உயர்ந்தது. எண்ணெய் பீறிட்டது. ரமணன் தடியின் ஒரு முனையைத் தூக்கினான்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று ஒரு குரல்.

சபைக் கமிட்டிக்காரர் கனகதாஸ் குடையும் வேதப்புத்தகமுமாக முடுக்கில் வந்துகொண்டிருந்தார். உறப்பிக்கல் ஜெபத்துக்கு அவரைத்தான் அழைத்திருந்தார்கள்.

"எலே, ஜெபிச்சியளா?"

அந்தச் சபையில் கிணறு தோண்டினால் ஜெபம், புது ஃபேன் மாட்டினால் ஜெபம், தென்னைக்கு மருந்து வைத்தால்கூட ஜெபம். ஜெபிக்காமல் தொடங்கிவிட்டோம் என்று சொல்ல யோசுவாவுக்கு வாய் வரவில்லை.

"ஒரு சின்ன ஜெபம்" என்று கனகதாஸ் குடையை மடக்கினார். எல்லாரும் தலை குனிந்தார்கள். ரமணன் பாறசாலைக் கோயிலுக்குப் போகிறவன், ஆனால் மரியாதை தெரிந்தவன், தடியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். தாணுலிங்கம் செருப்பையே கழற்றிவிட்டார்.

கனகதாஸ் உலகம் உண்டானதில் தொடங்கினார். சபைக்கு வந்தார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளைப் பெயர் சொல்லி நினைத்தார். சுகமில்லாதவர்களை நினைத்தார், நோயின் பெயரோடு. யோசுவா லிவரைப் பிடித்தபடி ஒரு கண்ணைத் திறந்து எண்ணெய் மட்டத்தைப் பார்த்தார். ஜெபத்தின் நடுவில் பேசக்கூடாது என்று ஐம்பத்து நாலு வருஷமாகப் படித்திருக்கிறார். எண்ணெய் தீரத் தீர பம்பு நாய்க்குட்டிபோல முனக ஆரம்பித்தது. கனகதாஸ் சபையின் வாலிபர்களுக்கு வந்தபோது கை இறங்கி மதில்மேல் டொம்மென்று உட்கார்ந்தது. இரண்டு கல் பெயர்ந்து விழுந்தது.

"...ஆமென்" என்றார் கனகதாஸ்.

தாணுலிங்கம் போனைப் பார்த்தார். "பதினொண்ணு நிமிஷம் முப்பத்தாறு செக்கண்டு."

"நீரு எதுக்குவே நேரம் பாத்தீரு?" என்றார் கனகதாஸ்.

"எனக்க மதிலுல்லா ஓய்."

இனி எண்ணெய் வேண்டும். வண்டிக்குப் போடுகிற எண்ணெய் நெய்யாற்றின்கரையில்தான் கிடைக்கும், போய்வர ஒரு மணி நேரம். ரமணன் தலையைச் சொறிந்தான். "பத்து நிமிஷம் ஓடினா போதும்ணா, தேங்காண்ண ஊத்தினாலும் ஓடும்."

சுகிர்தபாய் நெஞ்சில் கை வைத்தாள். விருந்துக்குப் பப்படமும் வாழைக்காயும் பொரிக்க ஒரு டின் எண்ணெய் வாங்கி வைத்திருந்தாள். "தேங்காண்ண இப்பம் விக்கிய வெலைக்கு நான் தலைக்குத் தேய்க்கியதையே நிறுத்திட்டேன். அத இந்தச் சவத்துக்கு ஊத்தணுமா?"

"அம்மா, ஊத்து" என்றாள் லிஜா. அவ்வளவுதான் சொன்னாள். சுகிர்தபாய் டின்னை எடுத்து வந்தாள். லிஜா ஒரு அலுமினியச் சருவத்தை வால்வுக்கு அடியில் வைத்தாள். இனி ஒழுகுவது தரையில் போக வேண்டாம் என்று.

இரண்டாம் தடவை கனகதாஸே முன்வந்தார். "முதல் தடவை ஏன் நடக்கேல்ல? ஜெபத்துக்கு முன்னயே கைய உயத்தியாச்சு. அதாக்கும். இப்பம் நான் ஒரு வார்த்த மட்டும்."

"பெரியப்பா, சுருக்கமா" என்றாள் லிஜா.

"ஒரே வார்த்த மக்கா."

அந்த ஒரே வார்த்தை நல்லாகத்தான் தொடங்கியது. ஆனால் தேங்காயெண்ணெய் சூடானதும் எஞ்சினிலிருந்து நேந்திரங்காய் வறுக்கிற மணம் எழும்பி முடுக்கு முழுவதும் பரவியது. அந்த மணத்தில் கனகதாஸுக்கு அன்றன்றுள்ள ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லத் தோன்றிவிட்டது. ஆகாரத்திலிருந்து விவசாயத்துக்குப் போனார். விவசாயத்திலிருந்து மழைக்கு. டொம். இன்னும் மூன்று கல் விழுந்தது.

"ஒம்பது நிமிஷம் நாப்பது" என்றார் தாணுலிங்கம் செருப்பைப் போட்டுக்கொண்டே. "கொறஞ்சிருக்கு. ரெண்டு மாசம் பழகினா செரியாவும்."

யோசுவாவுக்கு அழுகை வந்தது. லுங்கி முழுக்க எண்ணெய். வீட்டுக்குள் வெள்ளை வேட்டி இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறது. வாசலில் நின்று மாப்பிள்ளையின் அப்பா எலியாவைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போவதாக ஒரு மாதமாக மனதுக்குள் நடந்து பார்த்திருந்தார். அவரைப் பற்றி ஊரில் ஒரே பேச்சுதான்: சிரிக்காத மனுஷன்.

லிஜா சருவத்தில் பிடித்த எண்ணெயை ஆஸ்பத்திரிப் பஞ்சுத்துணியில் வடிகட்டி டேங்கில் திரும்ப ஊற்றினாள். போதவில்லை. தாணுலிங்கம் வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கன்னாசு நிறையத் தேங்காயெண்ணெயோடு வந்தார்.

கனகதாஸ் அதைச் சந்தேகமாகப் பார்த்தார். "சாமி வெளக்குக்கு வச்சிருந்ததா சாரே?"

"அவியல் வைக்க உள்ளது ஆக்கும். அப்பிடியே வெளக்குக்கு உள்ளதானாலும் வண்டிக்குத் தெரியவா போவுது?"

ரமணன் அதை டேங்கில் ஊற்றி முடித்தபோது முடுக்கின் முனையில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கதவு. மணி பத்து நாற்பது. இருபது நிமிஷம் முன்னாடியே வந்துவிட்டார்கள்.

எலியா வெள்ளைச் சட்டையில் முன்னால் வந்தார். பின்னால் ஷிஜு, அவனுடைய அத்தை, இன்னும் ஐந்தாறு பேர். எலியா கூண்டுக்கு முன்னால் நின்றார். அழிக்கு உள்ளே எண்ணெயில் குளித்த மனிதர் ஒருவர் லிவரைப் பிடித்தபடி சிரிக்க முயன்றார்.

"இதாரு?"

"பெண்ணுக்க அப்பா" என்றார் கனகதாஸ்.

எலியா பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மூக்கைச் சுளித்து மணம் பிடித்தார்.

அத்தை அவர் காதில் சொன்னதுபோல எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அண்ணே, ரெண்டு தடவ மொடங்கியாச்சு. மூணாவது வந்தா வழியே அடைச்சுக் கெடக்கு. பேசாம திரும்பிப் போலாம். அடுத்த லீவுக்குப் பாப்போம்."

ஷிஜு லிஜாவைப் பார்த்தான். லிஜா தரையைப் பார்த்தாள்.

எலியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "வந்தது வந்தாச்சு. ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போவோம்" என்றார்.

'போவோம்' என்றால் உறப்பிக்கல் மூன்றாம் முறையும் தள்ளிப்போகும் என்று யோசுவாவுக்குப் புரிந்தது. கனகதாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு குடையை மடக்குவதை அவர் பார்த்தார்.

"நான் ஜெபிக்கியேன்" என்றார் யோசுவா.

சுகிர்தபாய் திடுக்கிட்டுத் திரும்பினாள். யோசுவா சபையில் கடைசி பெஞ்சுக்காரர். பிறர் முன்னால் வாய் திறந்து ஜெபித்ததே இல்லை. சாப்பாட்டு ஜெபத்தைக்கூட அவளிடம் தள்ளிவிடுகிறவர். ஆனால் வீட்டுக்காரன் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. கனகதாஸ் குடையை விரிக்கவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் தலை குனிந்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"எங்கள் பரலோகத் தகப்பனே" என்றார் யோசுவா. "இந்த நல்ல காலை வேளைக்காக ஸ்தோத்திரம். ஆண்டவரே, இப்போது இந்தக் கையை உயர்த்துகிறோம்."

லிவரை இழுத்தார். கை உயர்ந்தது. எண்ணெய் சருவத்தில் பீறிட்டது.

"உமது பிள்ளையாகிய ரமணனை நினைத்தருளும். அவன் தலை குனிந்து நிற்கிறான். அவன் கண்களைத் திறந்தருளும் ஆண்டவரே. அந்தத் தென்னந்தடியைத் தூக்க அவனுக்குப் பெலன் தாரும்."

"ஆமென்" என்றது கூட்டம்.

ரமணன் அசையவில்லை. தன் பெயரை ஒரு ஜெபத்தில் கேட்பது அவனுக்கு இதுவே முதல் தடவை. ஆசீர்வாதம் என்று நினைத்து இன்னும் நன்றாகக் குனிந்தான்.

"இப்பொழுதே தாரும் ஆண்டவரே!" என்று கத்தினார் யோசுவா. லிஜா கண்ணை மூடியபடியே ரமணனின் விலாவில் முழங்கையால் ஒரு குத்து விட்டாள். ரமணன் கண்ணைத் திறந்தான். புரிந்துவிட்டது. தடியைத் தூக்கினான்.

"தாணுலிங்கம் சாரையும் நினைத்தருளும். மறு முனை அவர் காலடியில் கிடக்கிறது."

தாணுலிங்கம் செருப்பில்லாத காலோடு குனிந்து அதைத் தூக்கினார். தடி நிமிர்ந்தது. ஆனால் அடி ஈரமண்ணில் சரிந்தது. யோசுவாவுக்கு வார்த்தை தீர்ந்துபோனது. பம்பு மறுபடி முனக ஆரம்பித்தது.

அப்போது இன்னொரு குரல் எழும்பியது, கனத்த குரல்.

"ஆண்டவரே, தடியின் அடி புதையாதபடிக்கு அதற்குக் கீழே ஒரு பலகையை வைத்தருளும். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவிலே ஜாக்கி வைக்க அடியேனுக்குக் கற்றுக்கொடுத்தவர் நீரல்லவோ."

எலியாதான். கண் மூடித்தான் இருந்தது, ஆனால் முழுதாக இல்லை. ஷிஜு சட்டென்று ஒரு பலகையை எடுத்து வந்து வைத்தான்.

"இந்த மதிலையும் காத்தருளும்" என்றார் கனகதாஸ், சும்மா நிற்க முடியாமல்.

"ஆமென்" என்று எல்லாரைவிடவும் சத்தமாகச் சொன்னார் தாணுலிங்கம்.

"மெதுவாக இறக்குகிறோம் ஆண்டவரே" என்றார் யோசுவா. "மெதுவாக, மெதுவாக."

கை தடியின்மேல் உட்கார்ந்தது. நின்றது. யோசுவா எஞ்சினை நிறுத்தினார். முடுக்கில் காக்கை கத்துவது அப்போதுதான் கேட்டது.

இனிமேல் அழிக்கதவைத் திறந்து இறங்கலாம். ஆனால் ஜெபம் முடியவில்லையே. ஆமென் சொல்லி முடித்தால் எலியா திரும்பிப் போய்விடுவார். அதனால் யோசுவா சீட்டிலேயே குனிந்து இருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். ரமணன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வால்வின் மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்த ரப்பர் வளையம் பிய்ந்து புழுப்போல வந்தது. அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினான். எல்லாரும் கண் மூடியிருந்தார்கள், எல்லாரும் பார்த்தார்கள்.

"இந்த அளவுக்கு ஒரு வளையத்தை எங்களுக்கு ஆயத்தப்படுத்தும்" என்றார் எலியா.

"ஆண்டவரே" என்று மெல்ல ஆரம்பித்தாள் சுகிர்தபாய். "கேஸ் சிலிண்டருக்கு வாங்கின வாஷர் ரெண்டு, அடுக்களையில், கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது."

லிஜா ஓடினாள். வாஷர் கொஞ்சம் தடித்திருந்தது. ரமணன் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துகிற வரைக்கும் ஜெபம் ஓட வேண்டியிருந்தது. யோசுவா தெரிந்ததையெல்லாம் சொன்னார். மகளைப் பற்றிச் சொன்னார், அவள் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்ததைச் சொன்னார். வால்வு ஒழுகுகிறதென்று மனைவி சொன்னதைக் கேட்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டார். சுகிர்தபாய் "ஆமென்" என்றாள், ரொம்ப நீளமாக.

ரமணன் வாஷரை உள்ளே வைத்து ஸ்பானரை எடுத்தான்.

"இந்தக் குடும்பத்தை எங்களுக்குச் சம்மந்தியாகத் தந்ததற்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்றார் எலியா.

அத்தை இரண்டு கண்ணையும் திறந்துவிட்டாள். ஆனால் ஜெபத்தில் சொன்ன சொல்லை இனி யார் மாற்றுவது?

யோசுவா லிவரை இறுகப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் ஓடவில்லை, பிடிக்க அவசியமே இல்லை. "அடுத்த வருஷம் மே மாதம் இரண்டாவது சனிக்கிழமையை உமது கரத்தில் தருகிறோம்."

"லீவு ஒத்துவருமானால்" என்றார் எலியா.

"ஒத்துவரும் ஆண்டவரே" என்றான் ஷிஜு.

ரமணன் மூடியை இறுக்கி முடித்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"ஆமென்!" என்றார் யோசுவா.

தாணுலிங்கம் போனைப் பார்த்தார். "நாப்பத்தி ரெண்டு நிமிஷம்." கனகதாஸின் முகம் சுருங்கிப்போனது.

லிஜா சருவத்து எண்ணெயை வடிகட்டி ஊற்றினாள். எஞ்சின் ஓடியது, கை உயர்ந்தது, ஷிஜுவும் ரமணனும் தடியை உருவினார்கள். யோசுவா லிவரிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார். எல்லாரும் மதிலையே பார்த்தார்கள். தாணுலிங்கம் வாய்க்குள் நூறுவரை எண்ணினார். ஒரு சொட்டு விழவில்லை. கை அங்கேயே நின்றது.

யோசுவா அழிக்கதவைத் திறந்து இறங்கினார். எலியா கை நீட்டினார். இரண்டு தடவை எண்ணெயில் வழுக்கிப்போய் மூன்றாவது தடவைதான் பிடி கிடைத்தது. எலியா தன் உள்ளங்கையை மோந்து பார்த்தார்.

"நல்ல எண்ண" என்றார். "பப்படம் உண்டுமா?"

"பொரிக்க வச்ச எண்ண எல்லாம் வண்டிக்குள்ள ஆக்கும் சம்மந்தி."

எலியாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்புதான் என்று ஷிஜு பிறகு சொன்னான்.

"அப்போ ஒரு முடிவு ஜெபம்..." என்று கனகதாஸ் குடையை மடக்கினார். அத்தனை பேரும் தலையைத் தூக்கி வண்டியின் கையைப் பார்த்தார்கள்.

"முதல்ல வண்டிய மாத்தட்டு பெரியப்பா" என்றாள் லிஜா.

யோசுவா மறுபடி கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் அவர் கை அழிக்கதவை இழுத்துச் சாத்தப் போனது.

"அப்பா!" என்று முடுக்கே அதிரக் கத்தினாள் லிஜா. "வாசல அடைக்காதீங்க!"